அச்சேறாத மசோதா

போன அக்டோபரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. டப்ளினின் வடக்குப் பக்கம், கடற்காற்று நேராக வந்து ஜன்னலில் மோதும் இடம். குடிவந்தபோது கையெழுத்துப் போட்ட விதிகளில் ஒன்று, பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்பது. பார்வைக்கு நன்றாக இல்லையாம். அதனால் வருடம் முழுக்க வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிறோம். படுக்கையறைச் சுவரில் கரும்பூஞ்சை படர்கிறது, மகளுக்குக் குளிர்காலம் வந்தாலே மூச்சிரைப்பு. பால்கனிக் கம்பியின் உயரத்தைத் தாண்டாத தாழ்வான கொடி என்றால் அனுமதிக்கலாமா என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, கூட்டத்தில் பேச வேண்டியவற்றோடு சேர்க்கும்படி மூன்று வாரம் முன்பே கொடுத்திருந்தேன். கூட்டத்தில் அது வரவே இல்லை. எழுந்து கேட்டேன். "இது இங்கே பேசுகிற விஷயமில்லை" என்றார் தலைவர், மரியாதையாகத்தான். சரி, நான் கேட்டேன் என்பதையாவது கூட்டக் குறிப்பில் எழுதுங்கள் என்றேன். "பேசாத ஒன்றைக் குறிப்பில் எப்படி எழுதுவது?" என்றார். அறையில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அடுத்த விஷயம், குப்பைத் தொட்டிக் கட்டணம்.

வீட்டுக்கு வந்ததும், "விடு, துணிதானே" என்றார் கணவர். துணியை விட்டுவிட்டேன், உண்மையிலேயே. ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. என் யோசனையைப் பேசி, வாக்கெடுத்து, தோற்கடித்திருந்தால் அன்று இரவு நன்றாகத் தூங்கியிருப்பேன். தோற்றதற்கு ஒரு பதிவு இருக்கும். அடுத்த வருடம் யாராவது அதை எடுத்துப் பார்க்கலாம். இது வேறு. நான் அந்த அறைக்குள் வந்ததே இல்லை என்பதுபோல ஆகிவிட்டது.

அந்த வாரமே மகளின் பள்ளியில் ஒரு செயல்திட்டம் கொடுத்தார்கள்: அயர்லாந்தின் குடியரசுத் தலைவர்களில் ஒருவரைப் பற்றி நான்கு பக்கம். அவள் மேரி ராபின்சனைத் தேர்ந்தெடுத்தாள். 1990 டிசம்பரில் பதவியேற்ற முதல் பெண் குடியரசுத் தலைவர் என்பதுதான் எல்லாப் புத்தகத்திலும் முதல் வரி. நான் தேடிப் போனது அதற்கு முன்பிருந்த இருபது வருடங்களை. 1969 முதல் 1989 வரை அவர் மேலவையில் செனட்டர். அயர்லாந்து நாடாளுமன்றத்தின் பழைய விவாதங்கள் முழுக்க இணையத்தில் கிடைக்கின்றன, தேதி வாரியாக, யார் எதைச் சொன்னார் என்று. மகள் தூங்கிய பிறகு அதை எடுத்து உட்கார்ந்தவள் பல இரவுகள் அதை விடவில்லை. 1971 ஜூலை மாதத்தில் வந்து நின்றுவிட்டேன்.

அப்பா ஓட்டுப் போட்ட அவை

அதற்குள் போகுமுன், மேலவைகள் பற்றி எனக்கிருந்த எண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். என் அப்பா உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். தமிழ்நாட்டில் மேலவை இருந்த காலத்தில் ஆசிரியர் தொகுதியில் வாக்களித்தவர். 1986-இல் அதைக் கலைத்தபோது வீட்டில் யாரும் வருந்தியதாக நினைவில்லை. "அது இருந்து என்ன கிழித்தது" என்று அப்பாவே சொன்னார். அந்த வாக்கியத்தோடு வளர்ந்தவள் நான். டப்ளின் வந்த சில வருடங்களில், 2013 அக்டோபர் 4 அன்று, இங்கேயும் மேலவையை ஒழிக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. பிரதமர் எண்டா கென்னியின் கட்சி, ஒழித்தால் இரண்டு கோடி யூரோ மிச்சம் என்று தெருத் தெருவாகத் தட்டி வைத்திருந்தது. எனக்கு அப்போது வாக்கு கிடையாது. இருந்திருந்தால் ஒழிக்கத்தான் போட்டிருப்பேன். மக்கள் ஒழிக்க வேண்டாம் என்றார்கள், 51.7 சதவீதம் பேர். வாக்களிக்க வந்தவர்களே பத்தில் நான்கு பேர்தான்.

என் எண்ணத்துக்குக் காரணம் இருந்தது. ஷானட் என்று ஐரிஷில் அழைக்கப்படும் இந்த மேலவையில் 60 பேர். அதில் 11 பேரைப் பிரதமரே நியமிக்கிறார். 43 பேரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் உள்ளாட்சி உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களுமே. மீதி 6 பேர், வெகுகாலமாகவே, பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் பிரதிநிதிகள்: டிரினிட்டி கல்லூரிப் பட்டதாரிகளுக்கு மூன்று, தேசியப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு மூன்று. மீன் பிடிக்கிறவருக்கும் பேருந்து ஓட்டுகிறவருக்கும் இதில் நேரடி வாக்கு இல்லை. கீழவை நிறைவேற்றிய மசோதாவை இந்த அவை 90 நாள் தள்ளிவைக்கலாம், அவ்வளவுதான். நம் மாநிலங்களவையில் 12 பேரை நியமிக்கும் ஏற்பாடே அயர்லாந்து அரசியல் சட்டத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டதுதான். 1947-இன் கடைசி மாதங்களில் நம் அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பெனகல் நரசிங் ராவ் நாடு நாடாகப் போய் வல்லுநர்களைச் சந்தித்த பயணத்தில் டப்ளினும் இருந்தது. அப்படியொரு அவையில் மக்களுக்கு என்ன நியாயம் பிறந்துவிடப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

அந்தப் பட்டதாரி இடங்களில் ஒன்றில்தான் 1969-இல் மேரி போர்க், பிறகு ராபின்சன் ஆனவர், போட்டியிட்டார். மேயோ மாவட்டத்தில் பல்லினா ஊர், அப்பா அம்மா இருவரும் மருத்துவர்கள், கத்தோலிக்கக் குடும்பம். வயது 25. அதே வருடம் டிரினிட்டியில் சட்டப் பேராசிரியர். மூத்த பேராசிரியர்கள் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு இளம்பெண் ஒருத்தி ஏன் வரக்கூடாது என்று கேட்டு, வென்றுவிட்டார். எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை. ஆளுங்கட்சி ஜாக் லிஞ்ச்சின் ஃபியன்னா ஃபால். மறு வருடம் நிக்கோலஸ் ராபின்சனைத் திருமணம் செய்தார். அவர் புராட்டஸ்டன்ட் என்பதால் பெற்றோர் திருமணத்துக்கு வரவில்லை. வேறொருவர் கதையில் இதுவே பெரிய அத்தியாயமாக இருந்திருக்கும். இங்கே இது முன்னுரைதான்.

25க்கு 14

1935-இல் வந்த குற்றவியல் திருத்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கருத்தடைச் சாதனங்களை விற்பதையும் நாட்டுக்குள் கொண்டுவருவதையும் குற்றமாக்கியது. அதைப் பற்றி எழுதி அச்சிடுவதைத் தணிக்கைச் சட்டங்கள் தடுத்தன. ஆனால் மாத்திரை இருந்தது. மாதவிலக்கைச் சீராக்கும் மருந்து என்று எழுதிக் கொடுக்க மனமுள்ள மருத்துவர் கிடைத்தால் போதும். படித்த, வசதியுள்ள, டப்ளினில் இருக்கும் பெண்ணுக்கு அப்படி ஒரு மருத்துவரைத் தெரிந்திருக்கும். நோய் இல்லாத பெண்கள் நோய் இருப்பதாகச் சொல்லிச் சட்டத்தைத் தாண்டினார்கள். ராபின்சன் ஒரு சட்டப் பேராசிரியரின் கண்ணோடு இதைப் பார்த்தார். சட்டம் ஒன்று சொல்கிறது, வாழ்க்கை வேறொன்று செய்கிறது. ஆகவே சட்டத்தைத் திருத்துவோம். அவருக்கு அது அவ்வளவு நேரான வேலையாகத்தான் தோன்றியிருக்கிறது. தனி உறுப்பினர் மசோதா கொண்டுவரக் குறைந்தது மூன்று பேர் பெயர் வேண்டும். தேசியப் பல்கலைக்கழக இடத்திலிருந்து வந்த பத்திரிகையாளர் ஜான் ஹோர்கனும், டிரினிட்டியின் கணித ஆசிரியர் டிரெவர் வெஸ்ட்டும் கையெழுத்திட்டார்கள். குற்றவியல் திருத்த மசோதா, 1971.

இங்கேதான் நான் இரவில் எழுந்து உட்கார்ந்தது. ஒரு மசோதா அவைக்கு வந்தால் முதலில் நடப்பது முதல் வாசிப்பு. பெயர்தான் வாசிப்பு, அன்று யாரும் எதையும் வாசிப்பதில்லை. இதை அறிமுகப்படுத்த அனுமதிக்கலாமா என்ற கேள்வி மட்டும் வரும். வழக்கமாக "சரி" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். அனுமதி கிடைத்த பிறகுதான் மசோதா அச்சாகும், உறுப்பினர் கைக்குப் போகும், பொதுமக்கள் வாங்கிப் படிக்கலாம். ஆதரிப்பதா எதிர்ப்பதா என்ற சண்டையெல்லாம் இரண்டாம் வாசிப்பில். ஆக, முதல் வாசிப்பை மறுப்பது அந்த மசோதாவைத் தோற்கடிப்பது அல்ல. அதை அச்சிட மறுப்பது.

எனக்குத் தெரிந்த மறுப்பு அது.

அனுமதிக் கேள்வியையே மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டு போனார்கள். அவைக்குள் வாய் திறக்க வழியில்லாமல் இருக்கும்போது, வெளியே எல்லோரும் பேசினார்கள். மார்ச் 28, ஞாயிற்றுக்கிழமை. டப்ளின் பேராயர் ஜான் சார்லஸ் மக்வெய்டின் கடிதம் அவர் ஆளுகைக்கு உட்பட்ட தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. இப்படியொரு சட்டம் வந்தால் அது நாட்டின் மேல் விழும் சாபம், நீங்காத சாபம் என்று அதில் எழுதியிருந்தார். சில பெண்கள் பூசையின் நடுவே எழுந்து வெளியேறினார்கள். மூன்று நாள் கழித்து, பெண் விடுதலை இயக்கத்தினர் கில்டேர் தெருவில் நாடாளுமன்றம் கூடும் லென்ஸ்டர் மாளிகை முன் திரண்டார்கள். சிலர் ஜன்னல் வழியாக ஏறி உள்ளேயே போய்விட்டார்கள். மே 22, சனிக்கிழமை, 47 பெண்கள் பெல்ஃபாஸ்ட்டுக்கு ரயிலேறி, அங்கே சட்டப்படி விற்கும் சாதனங்களை வாங்கிக்கொண்டு, டப்ளின் கனலி நிலையத்தில் சுங்க அதிகாரிகள் கண்ணெதிரே இறங்கினார்கள். யாரையும் கைது செய்யவில்லை. அந்த நிலையத்தின் வழியாக வாரம் ஐந்து நாள் வேலைக்குப் போகிறேன். பல வருடம் அது எனக்கு ஒரு படிக்கட்டு மட்டுமே.

ராபின்சனுக்குக் கடிதங்கள் வந்தன, வெறுப்பைக் கக்கும் கடிதங்கள். ஒருவர் தோட்டக் கையுறையின் விரல்களை வெட்டி உறையில் போட்டு அனுப்பியிருந்தார். தெருவில் நடக்கவே தயங்கும் அளவுக்கு அது தன்னைப் பாதித்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மனைவி படும் பாடு தாங்காமல் நிக்கோலஸ் அந்தக் கடிதங்களை எரித்துவிட்டார். அன்பினால் செய்த காரியம்தான். ஆனால் வைத்திருந்திருக்கலாமே என்று பிறகு இருவருக்கும் தோன்றியது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. ஒரு பக்கம் அச்சாகாத மசோதா, இன்னொரு பக்கம் எரிந்துபோன கடிதங்கள். அந்த வருடத்தின் உண்மையான சண்டைக்கு இரண்டு பக்கத்து ஆவணமும் இல்லை. அவைக் குறிப்பு ஒன்றுதான் மிச்சம்.

ஜூலை 7, புதன்கிழமை. கடைசியில் அந்தக் கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தது. அனுமதிக்கலாம் என்றவர்கள் 14 பேர். வேண்டாம் என்றவர்கள் 25 பேர். பெயர் பெயராக அச்சாகியிருக்கிறது. மசோதாவில் என்ன இருக்கிறது என்பதை அவை பார்க்க மறுத்த அந்தப் பக்கத்தில், மறுத்தவர்கள் யார் யார் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. இதை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. ராபின்சன் பொறுமையாக, ஒரு குரல்கூட உயர்த்தாமல், வாக்கெடுங்கள் என்ற இடத்துக்கு அவையைக் கொண்டுவந்து நிறுத்தியதன் பலன் இந்தப் பட்டியல். தள்ளிப்போட்டுக்கொண்டே போயிருந்தால் இதுவும் இருந்திருக்காது. மறுப்பதாக இருந்தால் எழுந்து நின்று மறுத்துவிட்டுப் போங்கள் என்பதை அவர் சொல்லாமலே செய்துவிட்டார். எதிர்வரிசையில் தனியாக இருப்பவருக்கு இதைவிடப் பெரிய பலம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மேலவை பற்றிய என் எண்ணம் இங்கே தடுமாறியது. இன்னும் முழுதாக நிலைக்கு வரவில்லை. இந்த மசோதாவை முதலில் ஏன் ராபின்சனால் கொண்டுவர முடிந்தது? அவருடைய வாக்காளர்கள் டிரினிட்டிப் பட்டதாரிகள். நாடெங்கும், நாட்டுக்கு வெளியேயும் சிதறியிருந்தவர்கள், அஞ்சலில் வாக்களிப்பவர்கள். அதில் பலர் கத்தோலிக்கர் அல்லர். கத்தோலிக்கர் டிரினிட்டியில் படிப்பதற்குத் திருச்சபை வைத்திருந்த தடையே 1970-இல்தான் நீங்கியது. ஞாயிற்றுக்கிழமை கடிதம் அந்த வாக்காளர்களை எட்டாது. ஊர்த் தொகுதியில் நின்று வென்று வரும் கீழவை உறுப்பினரின் நிலைமை அப்படியல்ல. 1972-இல் நோயல் பிரவுனும் ஜான் ஓ'கானலும் கீழவையில் துணிந்து முயன்றார்கள். அங்கேயும் முதல் வாசிப்பு மறுக்கப்பட்டது. ஆக, மக்களில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லாத ஒரு இடத்திலிருந்துதான், அந்த மக்களில் மிக எளிய பெண்களுக்கான முதல் குரல் எழுந்தது. அநியாயமான வாசல் வழியாக நியாயம் உள்ளே வந்திருக்கிறது. அப்பா இருந்திருந்தால் இதைப் பற்றி அவரோடு ஒரு முழு மாலை பேசியிருப்பேன்.

மீனவரின் மனைவி

டப்ளினுக்கு வடக்கே ஸ்கெரிஸ் என்ற கடலோர ஊர். கோடையில் மகளைக் கூட்டிப் போவோம். அங்கே ஒரு மீனவரின் மனைவி மேரி மகீ. நான்கு குழந்தைகள். இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த கருத்தடைக் களிம்பைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. வழக்குப் போட்டார். 1973 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், அந்த இறக்குமதித் தடை தம்பதியரின் அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. மேலவை அச்சிட மறுத்த கேள்வி, இரண்டரை வருடத்தில், தீர்ப்பாக அச்சாகிவிட்டது.

இதோடு முடிந்தது என்று எழுத ஆசைதான். முடியவில்லை. ராபின்சன் மறுபடி மசோதா கொண்டுவந்தார். இந்த முறை முதல் வாசிப்பு தாண்டியது, அச்சானது, விவாதம் நடந்தது, 1974-இல் தோற்றது. அதே வருடம் ஜூலையில் அரசே ஒரு மசோதா கொண்டுவந்தது; பிரதமர் லியம் காஸ்கிரேவ் தன் அரசின் மசோதாவுக்கு எதிராகவே வாக்களிக்க, 61க்கு 75 என்று அதுவும் விழுந்தது. 1979-இல் சுகாதார அமைச்சர் சார்லஸ் ஹாஹி கொண்டுவந்த சட்டம், மருத்துவர் சீட்டு இருந்தால் ஆணுறையும் வாங்கலாம் என்றது. 18 வயது தாண்டியவர்கள் சீட்டு இல்லாமல் வாங்க 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கீழவையில் 83க்கு 80, மூன்றே வாக்கு. பதினான்கு வருடம். அந்த வருடங்களில் பிறந்தவர்கள் இப்போது என்னோடு வேலை பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் எதிர் வீட்டு அம்மாளிடம் சொன்னேன். எண்பதை நெருங்குகிறவர், தனியாக இருக்கிறார். வாரம் ஒருமுறை என் வீட்டில் தேநீர். ஆண்டுக் கூட்டத்தில் என்னோடு இருந்தார், ஒன்றும் பேசவில்லை. 1971 மார்ச் என்று நான் தொடங்கியதுமே கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் இருந்திருக்கிறார். மடியில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு குழந்தை. கடிதம் வாசிக்கும்போது மேல்கோட்டின் பொத்தானை எண்ணிக்கொண்டிருந்தாராம். எழுந்து போகத் தோன்றியதா என்று கேட்டேன். "எழுந்து போகலாம் என்பதே எனக்குத் தெரியாது. மறுநாள் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்" என்றார். அந்த மசோதாவில் என்ன இருந்தது என்று என்னிடம் கேட்டார். 1935-ஆம் வருடச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை நீக்குவது பற்றி என்றேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார், அவ்வளவுதானா என்று.

என் துணிக்கொடியை அந்த மசோதாவோடு ஒப்பிட எனக்கு உரிமை இல்லை. அங்கே உயிரும் உடம்பும். இங்கே ஈரத் துணியும் ஒரு குழந்தையின் மூச்சிரைப்பும். ஆனால் அந்த அறையில் நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சொல் கிடைத்துவிட்டது. என் யோசனையை அவர்கள் எதிர்க்கவில்லை. முதல் வாசிப்பை மறுத்தார்கள்.

எங்கள் குடியிருப்பில் மூன்று பேர் கையெழுத்து வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. இருந்தாலும் மூன்று பேர் வேண்டும் என்று முடிவு செய்தேன். பழைய கடிதத்தில் என் மகளின் உடம்பு பற்றி நீளமாக எழுதியிருந்தேன், அதை எடுத்துவிட்டேன். எந்த விதி, அதில் எந்தச் சொற்களை நீக்க வேண்டும், எந்தச் சொற்களைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். கீழே, இதை வாக்கெடுப்புக்கு விடும்படி கேட்கிறோம், யார் எந்தப் பக்கம் என்பதைக் குறிப்பில் பதியும்படியும் கேட்கிறோம் என்று ஒரு வரி. இரண்டாம் மாடியில் கைக்குழந்தையோடு இருக்கும் போலந்துத் தம்பதியரிடம் கொண்டுபோனேன். அந்தப் பெண் நின்றபடியே கையெழுத்திட்டார். பிறகு எதிர் வீடு. அம்மாள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். "தாழ்மையுடன்" என்று நான் எழுதியிருந்த சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

எங்கள் கட்டடத்தில் 64 வீடு. நூலகத்தில் 64 பிரதி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, தரைத்தளத்தில் வரிசையாக இருக்கும் அஞ்சல் பெட்டிகளில் நானும் மகளும் ஒவ்வொன்றாகப் போட்டோம். அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஐம்பதுக்கு மேல் எங்கோ கணக்குத் தப்பி, மறுபடி முதலிலிருந்து பெட்டிகளை எண்ணத் தொடங்கினாள்.